மூன்று மாடி இறங்கும் தலை

என் பழைய கடையில் இப்போது வேலை செய்யும் பெண் ஒருத்தி போன மாதம் தொலைபேசியில் கூப்பிட்டாள். வேட்டைக்காரர்களின் ஸ்கோப்புக்கு ட்ரைபொட்டும் தலையும் தெரிவு செய்வது எப்படி என்று ஒரு பக்கம் எழுதித் தரமுடியுமா, புதிதாக வேலைக்கு வருபவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்றாள். ஒரு பக்கம் போதும், குறிப்புகளாக இருந்தால் நல்லது என்றும் சேர்த்துக்கொண்டாள். ஓய்வுபெற்றவனிடம் ஒரு பக்கம் கேட்பது பந்தியில் உட்கார்ந்தவனுக்கு ஒரேயொரு இடியப்பம் வைப்பது மாதிரி. அந்தப் பக்கத்தை எழுதி அனுப்பிவிட்டேன். அதில் எழுத முடியாமல் போனது இது.

ஸ்கோப் என்று நான் சொல்வது துப்பாக்கியில் பூட்டுவதை அல்ல. ட்ரைபொட் என்கிற மூன்று காலில் தனியாக நின்று, எங்கோ மலைச்சரிவில் மேய்கிற மிருகத்தைக் கிட்டக் கொண்டுவந்து காட்டும் ஒற்றைக்கண் தொலைநோக்கி. வேட்டைக்காரர் சுடுவதற்குச் செலவழிக்கும் நேரம் கொஞ்சம், பார்த்துக்கொண்டு இருக்கும் நேரம்தான் அதிகம். அப்படியிருந்தும் கடைக்கு வருகிறவர்கள் கண்ணாடிக்கு அள்ளிக் கொடுத்துவிட்டுக் காலுக்குக் கிள்ளிக் கொடுப்பார்கள். தலையை மறந்தே போவார்கள். தலை என்பது காலுக்கும் ஸ்கோப்புக்கும் நடுவில் இருந்து, திருப்பவும் பூட்டவும் உதவும் பகுதி. அறுபது மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி நடுக்கத்தையும் அறுபது மடங்கு பெரிதாக்கித்தான் காட்டும். தலை சரியில்லை என்றால் மனிதனே உருப்பட மாட்டான், ஸ்கோப் எப்படி உருப்படும்?

நான் வேட்டைக்காரன் அல்ல. வெள்ளிக்கிழமைகளில் முட்டைகூடத் தொடாத வீட்டில் பிறந்தவன். ஊரில் நில அளவைக் கந்தோரில் வேலை பார்த்தேன். கருவியைச் சுமந்து போய், முக்காலியை நட்டு, மட்டம் பார்த்துக் கொடுப்பேன். ரொறன்ரோவுக்கு வந்து முதல் மூன்று வருடமும் கோப்பை கழுவினேன், பெட்டி அடுக்கினேன், ரெக்ஸ்டேலில் ஒரு தொழிற்சாலையில் கதவுப்பிடி பூட்டினேன். அதைப்பற்றி எழுத ஒன்றுமில்லை, எல்லாரும் செய்ததுதான். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் அஜின்கோர்ட்டில் ஒரு பிளாசாவின் இரண்டாம் தளத்தில் இருந்த வேட்டைப் பொருட்கடையில் ஆள் தேவை என்று அறிந்து போனேன்.

அங்கே முகாமையாளர் ஆர்வோ. எஸ்தோனியாக்காரர், அறுபதைத் தொட்ட வயது. உயரமான மனிதர், ஆனால் குரல் சிறியது. அவர் பேசியது ஆங்கிலம். என் காதுக்குள் அது எப்படியோ யாழ்ப்பாணத் தமிழாகவே விழுந்து பழகிவிட்டது. அப்படியே எழுதுகிறேன், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நேர்முகத் தேர்வு என்று ஒன்றும் நடக்கவில்லை. ஒரு ட்ரைபொட்டைத் தூக்கித் தந்து, “நிப்பாட்டு” என்றார். நான் காலை விரித்து, நிமிர்த்தி, பழைய பழக்கத்தில் ஒவ்வொரு காலின் நுனியையும் என் சப்பாத்தால் கார்பெற்றுக்குள் அழுத்தி மிதித்தேன். வயல்வரம்பில் முக்காலி நட்டவனுக்கு வேறு என்ன தெரியும்? ஆர்வோ சிரித்தார். நான் அங்கே இருந்த காலம் முழுவதும் அவர் வாய்விட்டுச் சிரித்தது இரண்டு மூன்று தடவைதான், அதில் முதலாவது அது.

“கார்பெற்றுக்கு நோகும்” என்றார். “திங்கட்கிழமை வா.”

ஆர்வோவிடம் ஒருவர் வந்து “நல்ல ட்ரைபொட் எது?” என்று கேட்டால், “ஆருக்கு?” என்பார். அதற்குப் பிறகுதான் கூத்துத் தொடங்கும். எங்கே இருந்து பார்ப்பாய், நின்றா, இருந்தா, படுத்தா? எவ்வளவு நேரம்? யார் சுமப்பது? வந்தவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் கடை நிலத்தில் இருத்திவிடுவார். மலையில் நாலு மணித்தியாலம் நின்றுகொண்டு பார்க்கிறவன் எவனும் இல்லை, ஆகவே உயரமான காலுக்கு ஆசைப்படாதே, அகல விரித்துத் தாழ நிற்கக் கூடியதை எடு என்பது அவருடைய கட்சி. நடுவில் ஏற்றி இறக்கும் தண்டு ஒன்று அநேகமான ட்ரைபொட்டில் இருக்கும். அதைக் கண்டால் அவருக்கு ஆகாது. மூன்று காலை வாங்கிவிட்டு ஒற்றைக் காலில் நிற்கிறாய் என்று திட்டி, கறுப்பு ஒட்டுநாடாவால் அதைச் சுற்றி ஒட்டிவிடுவார்.

பிறகு ஒரு பெட்டி நிறையக் கிடக்கும் தடித்த குளிர்காலக் கையுறைகளில் ஒரு சோடியைக் கொடுப்பார். அதைப் போட்டுக்கொண்டு காலைப் பூட்டித் திறக்க வேண்டும். திருகு வழுக்கினால் அந்த ட்ரைபொட் தட்டுக்குத் திரும்பப் போகும். மிஞ்சியதைப் பைக்குள் வைத்துத் தோளில் கொழுவி, பின்படிக்கட்டில் நாலு தரம் ஏறி இறங்கச் சொல்வார். கல்லுப் போல நிற்கிற பாரமான காலைக் கேட்டு வந்தவர்கள் மூன்றாம் தரத்தில் மனம் மாறுவார்கள். வீட்டில் விட்டுவிட்டுப் போகும் உறுதியான காலைவிட, கூட வருகிற சுமாரான கால் மேல் என்பதை அவர் வாயால் சொன்னதில்லை. படிக்கட்டு சொல்லிவிடும்.

கடைசியாக ஸ்கோப்பை ஏற்றி, காலில் பென்சிலால் ஒரு தட்டு. படம் நடுங்கி அடங்கும்வரை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவோம். மூன்றுக்குள் அடங்கினால் நல்லது. ஐந்து என்றால் காற்றடிக்கும் மலையில் அதற்கு வேலை இல்லை.

இவ்வளவு பார்த்தும் எங்களுக்குத் தலை விஷயத்தில் அறிவு பிந்தித்தான் வந்தது. அதைக் கொண்டுவந்தவர் ஒரு ட்ரக் மெக்கானிக். வடக்கே யூக்கோன் மலைக்குக் காட்டு ஆட்டுக்கிடாய் வேட்டைக்குப் போக வேண்டும் என்று பல வருடம் காத்திருந்து போனவர். அங்கே கொம்பு முழு வட்டம் சுற்றிய கிடாயைத்தான் சுடலாம், இளையதைச் சுட்டால் குற்றம். அவர் ஸ்கோப்பில் ஒரு முதிர்ந்த கிடாயைப் பிடித்து, தலையைப் பூட்டிவிட்டு, வழிகாட்டியைக் கூப்பிடத் திரும்பியிருக்கிறார். திரும்பவும் கண்ணை வைத்தபோது அதே இடத்தில் ஒரு கிடாய் நின்றது. துப்பாக்கியை எடுத்துவிட்டார். வழிகாட்டிதான் கையைப் பிடித்து நிறுத்தினார். தலை தன்பாட்டில் கொஞ்சம் இறங்கி, கீழ்ப் பாறைப்படியில் நின்ற இளங்கிடாயைக் காட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. மெக்கானிக் சத்தம் போடவில்லை. அந்தத் தலையைக் கழற்றி மேசையில் வைத்து, “பூட்டினேன், பூட்டியது பூட்டியபடி இருக்கவில்லை” என்று மட்டும் சொன்னார். அதை விற்றவன் நான்.

ஸ்கோப்பின் மூக்குப் பக்கம் பாரம். தலைக்குள் இருக்கும் பிடி நலிந்தால், பூட்டிக் கையை எடுத்த பிறகும் அது மெல்ல மெல்ல மூக்கைக் குத்தும். பஸ்ஸில் தூங்கி வழிகிறவரின் தலை மாதிரி. கடையில் நின்று ஒரு நிமிடம் பார்த்தால் தெரியாது. அன்று பின்னேரமே ஆர்வோ ஒரு சோதனையைக் கண்டுபிடித்தார்.

எங்கள் பின்பக்க ஜன்னலுக்கு எதிரே கார் நிறுத்துமிடம், அதற்கு அங்கால் பன்னிரண்டு மாடி வாடகைக் கட்டடம். அதன் உச்சியில் லிப்ட் இயந்திர அறையின் சுவரில் மஞ்சள் எச்சரிக்கைத் தகடு ஒன்று இருந்தது. ஸ்கோப்பை அந்தத் தகட்டில் பிடித்துத் தலையைப் பூட்டு. போய் ஒரு கோப்பை தேத்தண்ணீர் போட்டு, ஆறுதலாகக் குடி. வந்து பார். ஸ்கோப் எத்தனை மாடி இறங்கி இருக்கிறது? அவ்வளவுதான் சோதனை. அரை மாடி என்றால் நல்ல தலை. ஒரு மாடி என்றால் பறவை பார்க்கிறவர்களுக்குக் கொடுக்கலாம். மூன்று மாடி என்றால் தயாரித்தவனுக்கே திருப்பி அனுப்பு. இறங்கிய கணக்கை ஒரு மட்டையில் பெரிதாக எழுதித் தலையின் கழுத்தில் நூலால் கட்டித் தொங்கவிடுவது என் வேலை.

எனக்கு அந்தச் சோதனையில் தனிப் பெருமை. அளவைக் கந்தோரில் அளவுகோல் பிடித்தவன் அல்லவா, ஒரு முழுக் கட்டடமே எனக்கு அளவுகோல் ஆகிவிட்டது. வாடிக்கையாளருக்கும் அது பிடித்துப் போனது. கடைக்குள் சோம்பேறிகளுக்கு நாங்கள் வைத்த பெயரே ‘மூன்று மாடி’. எண்ணெய் ஊற்றிய தலை என்று ஒரு வகை உண்டு, கைபிடியோடு வழுக்கிக்கொண்டு திரும்பும். அதில் ஒன்று இரண்டு கோப்பை தேத்தண்ணீருக்கும் அசையாமல் நின்றபோது ஆர்வோவும் நானும் கை குலுக்கிக்கொண்டோம்.

மோசமான தலைகளில் படுமோசமானது ஒன்றை ஆர்வோ திருப்பி அனுப்பவில்லை. பழைய ஸ்கோப் ஒன்றை அதில் பூட்டி, பின் ஜன்னலருகே நிரந்தரமாக வைத்தார். தலைக்கு ஏன் செலவழிக்க வேண்டும் என்று கேட்கிறவர்களுக்குக் காட்ட. தினமும் கடை திறந்ததும் நான் அதை மஞ்சள் தகட்டுக்கு உயர்த்திவிடுவேன். பத்து மணிக்குள் அது மேலிருந்து மூன்றாவது மாடிக்கு இறங்கிவிடும். அதற்குமேல் தலை சரியாது, பகல் முழுக்க அங்கேயே நிற்கும்.

அந்த மூன்றாவது மாடியில் ஒரு பல்கனி. அதில் ஒரு சுளகில் செத்தல் மிளகாய் காயும். சின்னப் பிள்ளையின் மூன்று சில்லுச் சைக்கிள் ஒன்று நிற்கும். செத்தல் மிளகாயைச் சுளகில் காயவைப்பது எந்த ஊர் ஆட்கள் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் நான் அதை ஒரு நாளும் அப்படிப் பார்க்கவில்லை. எனக்கு அது நல்லதொரு குறி. சாம்பல் கட்டடத்தில் சிவப்புப் பொட்டு, தேடாமல் கண்ணில் படும். “சிவப்புத் தட்டுத் தெரிகிறதா? அப்படியானால் இந்தத் தலையை வாங்காதீர்கள்” என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்.

ஜூலையில் ஒரு நாள் சுளகைக் காணவில்லை. அடுத்த கிழமை சைக்கிளையும் காணவில்லை. பிறகு பல்கனிக் கதவுக்குத் தடித்த திரை விழுந்தது, அது பிறகு விலகவேயில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. குறி போய்விட்டதே என்று.

ஓகஸ்ட் நடுவில் ஒரு சனிக்கிழமை, தமிழ்க் கடையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றேன். பக்கத்தில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் கடைக்காரரிடம் வெறும் பெட்டி இருக்குமா என்று விசாரித்துக்கொண்டு நின்றாள். வீடு மாறுவதற்காம். கடைக்காரர் உள்ளே போக, நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே.

“எங்க பிள்ளை மாறுறியள்? வாடகையைக் கூட்டிப்போட்டானோ?”

“வாடகை இல்லை அண்ணை. மல்வேர்ன் பக்கம் போறம், மாசக் கடைசிக்கு. எங்கட பில்டிங்குக்கு எதிர ஒரு கடை. மேல்மாடி ஜன்னலில குழல் ஒண்டு வைச்சு எங்கட வீட்டைப் பாக்கிறாங்கள்.”

நான் கையிலிருந்த கத்தரிக்காயைத் திரும்ப வைத்தேன்.

“சும்மா உங்களுக்கு அப்பிடித் தெரியுதோ என்னவோ” என்றேன்.

“எனக்கும் முதல் அப்பிடித்தான். ஒருநாள் பஸ்ஸுக்குப் போகேக்க கீழ நிண்டு வடிவாப் பார்த்தனான். மூண்டு காலில நிக்குது. நேர எங்கட பல்கனிக்குத்தான் பிடிச்சு வைச்சிருக்கிறாங்கள். ஒவ்வொரு நாளும், பகல் முழுக்க. பில்டிங் பாக்கிற சூப்பிரின்டனிட்டச் சொன்னன். அவன் சிரிக்கிறான், அது வேட்டைக்குப் பாக்கிற குழலாம். வேட்டைக்குப் பாக்கிற குழலை ஏன் என்ர வீட்டுக்குப் பிடிக்கிறாங்கள்?” குரலைத் தாழ்த்தினாள். “எங்கட அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லை அண்ணை. இமிக்கிரேசன் ஆக்கள் ஆர் வாறது போறது எண்டு பாக்கிறவையாம். ஊரிலயும் எங்கட வளவுக்கு நேர ஆமிச் சென்றி. அவங்களும் இப்பிடித்தான் குழல் வைச்சுப் பார்ப்பாங்கள். என்னை விடுங்கோ, பிள்ளைக்கு ஆறு வயசு. பள்ளிக்கூட லீவு முழுக்க உள்ளுக்க வைச்சிருக்கிறன். பல்கனிக்குப் போகாதை, பாக்கிறாங்கள் எண்டு சொல்லிச் சொல்லி இப்ப அவள் கதவடிக்கே போறேல்லை. திரையை விலக்கினாக் கத்துறாள்.”

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. “எங்கட வேலையிடத்தில நல்ல பெட்டியள் இருக்கு, திங்கட்கிழமை கொண்டந்து தாறன்” என்றேன். அவள் முகம் மலர்ந்து, பெயர் சரோ என்றும், வீட்டு இலக்கம் இன்னதென்றும் சொன்னாள். எனக்கு அந்த இலக்கம் தேவைப்படவில்லை. எந்த மாடி, எத்தனையாவது கதவு என்று ஒரு வருடமாகத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். வெட்கம்தான். கூடவே வேலை பற்றிய பயமும். கடையின் பெயரே அந்தச் சோதனையில் ஏறியிருந்தது, அதை நிறுத்தச் சொல்ல நான் யார்?

திங்கள் காலை ஆர்வோ தேத்தண்ணீரோடு நின்றபோது எல்லாவற்றையும் சொன்னேன். முடிந்ததும், “எத்தினையாம் மாடி?” என்றார்.

“மேல இருந்து மூண்டு.”

கோப்பையை வைத்துவிட்டுப் போய் அந்தப் பழைய ஸ்கோப்பில் கண்ணை வைத்தார். அப்போதுதான் நான் அதை மஞ்சள் தகட்டுக்கு உயர்த்திப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. பாதி வழி இறங்கியிருக்கும். அவர் கையாலேயே மீதியை இறக்கினார். நெடுநேரம் பார்த்தார்.

“திரை” என்றார். “நான் எண்ணினது அவை வீட்டில இல்லாத ஆக்கள் எண்டு.” பிறகு ஸ்கோப்பின் மூடியைப் போட்டுக் காலை மடித்தார். “போய்ச் சொல்லு. ஒளிக்காமல் சொல்லு. அவ என்ன கேட்டாலும் செய்வம்.”

மதிய இடைவேளையில் பெட்டிகளை மடித்துக் கட்டிக்கொண்டு போனேன். என் புத்தியைப் பாருங்கள், அந்தப் பெட்டிகள் எல்லாவற்றிலும் ஸ்கோப்பின் படம் பெரிதாக அச்சடித்திருந்தது. எனக்கு அது வெறும் மட்டைப் பெட்டி. கதவைத் திறந்த சரோ சிரித்தபடி கையை நீட்டினாள், படத்தைக் கண்டாள், கை அப்படியே நின்றது. நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அவளுக்கு விளங்கிவிட்டது.

“நீங்களோ?”

“ஓம் பிள்ளை. ஆனால் நாங்கள் உங்களைப் பாக்கேல்லை.” தலை, பூட்டு, மூக்குக் குத்துவது, மஞ்சள் தகடு என்று வாசலில் நின்றே விளக்கினேன். எனக்கே அது நம்பக்கூடிய கதையாகப் படவில்லை.

“சனிக்கிழமை கத்தரிக்காய் பொறுக்கேக்க ஏன் சொல்லேல்லை?”

“பயத்தில.”

“உங்களுக்கு என்ன பயம் அண்ணை?” என்று கேட்டாள். கோபமாகக்கூட இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். சற்று யோசித்து, “அந்தக் குழலைக் கொண்டு வாங்கோ” என்றாள். “எவ்வளவு தெரியுமெண்டு நான் பாக்கவேணும். நீங்கள் சொல்லி நான் நம்ப ஏலாது.”

ஆர்வோவிடம் வந்து சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, எந்த வாடிக்கையாளரிடமும் கேட்பது போல என்னிடம் கேட்கத் தொடங்கினார்.

“உயரம்?”

“என்ர தோள் மட்டம்.”

“எங்க நிண்டு பாக்கப் போறா?”

“பல்கனியில. ஒடுக்கம், கால் அகல விரியாது.”

“கீழ என்ன?”

“கொங்கிறீற். முன்னால கம்பி.”

“கை நடுங்குமோ?”

“கோவத்தில நடுங்கும்” என்றேன்.

தட்டில் இருந்த அத்தனையையும் ஒரு பார்வை பார்த்தார். ஒவ்வொரு காலும் தனித்தனிக் கோணத்தில் நிற்கக்கூடிய இலேசான ட்ரைபொட் ஒன்றை எடுத்தார். இரண்டு கோப்பைக்கும் அசையாத அந்த எண்ணெய்த் தலையை அதில் பூட்டினார். கைபிடியைக் கழற்றி, கம்பியில் இடிக்காதபடி மறுபக்கம் மாற்றினார். கடையில் உள்ளதிலேயே நல்ல ஸ்கோப்பை அதில் ஏற்றி, முன்னும் பின்னும் நகர்த்தி, பூட்டாமலே சமநிலையில் நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்தார். நான் பார்க்க அவர் ஒரு மலைவேட்டைக்காரனுக்கும் இவ்வளவு கவனமாகத் தெரிவு செய்ததில்லை. ஜன்னலோரத்தில் இருந்த எதையும் ஒதுக்க வேண்டாம், அவ எல்லாத்தையும் இருந்தபடியே பார்க்கட்டும் என்றார். கடையைப் பூட்டிவிட்டு இருவரும் போனோம்.

சரோ எங்களை உள்ளே விட்டாள். மகள் ஆரணி அறைக் கதவின் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். திரையை விலக்கியதும் அவள் முகம் மறைந்தது. பல்கனியில் ஆர்வோ ஒரு காலைச் சுவரோரமாக நிமிர்த்தி, மற்ற இரண்டையும் கம்பிப் பக்கம் பரப்பி, சரோ குனியாமலும் எட்டாமலும் பார்க்கும் உயரத்துக்கு ஸ்கோப்பைக் கொண்டுவந்தார். எங்கள் ஜன்னலில் பிடித்து, குவியத்தைச் சரிசெய்து, கையை எடுத்துவிட்டு விலகி நின்றார்.

சரோ கண்ணை வைத்தாள்.

“ஒரு ஸ்ரூல் தெரியுது” என்றாள். “ஒரு தேத்தண்ணிப் பேணி. பேணியில யானைப் படம்.” பிறகு, “கோப்பையைக் கழுவாமல் வைச்சிட்டு வந்திருக்கிறியள்.”

“ஓம்” என்றேன்.

“கனக்க மட்டையள் நூலில தொங்குது. ஒண்டில அரை எண்டு கிடக்கு. ஒண்டில மூண்டு. மூண்டு எண்டால் என்ன?”

ஆர்வோ என்னைப் பார்த்தார். நான் அவருக்கு மொழிபெயர்க்கவில்லை.

“அது உங்கட மாடி பிள்ளை. கூடாத தலையெல்லாம் உங்கட பல்கனியில வந்துதான் நிக்கும். உங்கட மிளகாய்ச் சுளகை நான் குறியா வைச்சிருந்தனான். வாறவையளுக்கு அதைத்தான் காட்டுறனான்.”

அவள் கண்ணை எடுக்கவில்லை. “அப்ப சுளகை எடுத்த அண்டைக்கும் பார்த்தனீங்கள்.”

“பார்த்தனான்.”

“சைக்கிளை எடுத்த அண்டைக்கு?”

“ஓம்.”

“ஒருநாளும் ஏன் எண்டு யோசிக்கேல்லையோ?”

“இல்லைப் பிள்ளை. யோசிக்கேல்லை.”

அவள் நிமிர்ந்தாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் குரல் தெளிவாக இருந்தது. “நான் நினைச்சதிலும் பார்க்கக் கிட்டத்தான் இருந்திருக்கிறியள். பேணியில யானை தெரியுமெண்டால் என்ர முகமும் தெரிஞ்சிருக்கும். பாத்திட்டுப் போயிருக்கிறியள், அவ்வளவுதான். சரி. இமிக்கிரேசன் இல்லை, வேற ஒண்டுமில்லை. அதை நான் நம்புறன்.”

நான் மன்னிப்புக் கேட்டேன். ஆர்வோவும் ஆங்கிலத்தில் கேட்டார். அந்த ஜன்னலில் இனி ஸ்கோப் இருக்காது, சோதனையை முன்பக்கம் தெருவிளக்குக் கம்பத்துக்கு மாற்றுகிறோம் என்று சொல்லச் சொன்னார். சொன்னேன். சரோ தலையசைத்தாள்.

“எனக்கு இனிப் பயமில்லை. ஆனால் வீடு மாறுறது எனக்காக இல்லை அண்ணை, அவளுக்காக. அவள் இதில வந்து நிப்பாள் எண்டால் நான் ஏன் போறன்? எனக்கு வேலைக்குப் போக ஒரு பஸ் போதும் இங்க.” உள்ளே திரும்பிக் கூப்பிட்டாள். “ஆரணி, வாங்கோம்மா. ஒண்டுமில்லை, வந்து பாருங்கோ.”

ஆரணி வந்து கண்ணாடிக் கதவின் உள்பக்கம் நின்றாள். கதவு ஓடும் தண்டவாளத்தைத் தாண்டவில்லை. தாய் இரண்டு தரம் கூப்பிட்டும் அசையவில்லை. அந்தக் கோடை முழுவதும் தாய் சொல்லிக்கொடுத்ததைத் தாயே ஒரே நாளில் அழிக்க முடியுமா? பிள்ளை ஸ்கோப்பைப் பார்த்தாள், ஆர்வோவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“அம்மா, இவை எங்களைப் பாத்து முடிஞ்சுதோ?” என்று கேட்டாள்.

“முடிஞ்சுது பிள்ளை” என்று நான்தான் சொன்னேன். அவள் என்னை நம்பவில்லை. ஏன் நம்ப வேண்டும்?

“என்ன கேட்டவள்?” என்றார் ஆர்வோ. சொன்னேன். அவர் ஸ்கோப்புக்கு மூடியைப் போட்டார். காலை மடிக்கக்கூட இல்லை, விரித்தபடியே எல்லாவற்றையும் மார்போடு அணைத்துத் தூக்கி, ஒடுங்கிய கதவால் சரிந்து நுழைந்து, வீட்டுக்குள் கொண்டுபோய்ச் சுவரைப் பார்க்க வைத்தார். நானும் உள்ளே போனேன். சரோவும் எங்களுக்குப் பின்னால் வந்துவிட்டாள். பல்கனியில் ஒருவரும் இல்லை.

ஆரணி ஒரு காலைத் தூக்கித் தண்டவாளத்துக்கு அங்கால் வைத்தாள். மற்றக் காலையும் வைத்தாள். கம்பிவரை நடந்து போய், அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எங்கள் ஜன்னலைப் பார்த்தாள். கீழே ஒரு பஸ் வந்து நின்று போனது. சரோ என்னவோ சொல்ல வாயெடுக்க, ஆர்வோ பொறுக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். பிள்ளை பார்த்து முடிக்கும்வரை நாங்கள் மூன்று பேரும் உள்ளேயே நின்றோம்.